பிசிறடிக்கும் வட்டம்: மங்கலாக்கினால் சரியாகிவிடுமா?

கேள்வி

இணையவழிப் பாடங்களுக்கு வீடியோ எடிட் செய்து கொடுப்பவர் இந்த வாசகர். தன் பெயரும் வாடிக்கையாளரின் பெயரும் வர வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். பிரீமியர் புரோ என்ற எடிட்டிங் மென்பொருளில், 1920×1080 பிக்சல் சீக்வென்ஸில் (கிளிப்புகளை அடுக்கி எடிட் செய்யும் தொகுப்பு) வேலை செய்கிறார். அடர்நீலப் பின்னணி கொண்ட ஸ்லைடு திரை முழுக்க இருக்கும். கீழே வலது மூலையில் ஒரு வட்டத்துக்குள் ஆசிரியரின் முகம், அதைச் சுற்றி வாடிக்கையாளரின் அடையாள நிறமான சிவப்பில் ஒரு வளையம். முகத்தை வட்டமாக்க ஒப்பாசிட்டி மாஸ்க் (வட்டத்துக்கு வெளியே உள்ளதை மறைக்கும் வசதி) போட்டிருக்கிறார். வளையம் இணையத்தில் கிடைத்த 200 பிக்சல் பிஎன்ஜி. அதை 184 சதவீதத்துக்குப் பெரிதாக்கி வைத்திருக்கிறார்.

வளையத்தின் ஓரம் பல் பல்லாகத் தெரிகிறது. வட்டத்தின் உச்சி சீவிவிட்டது போல மட்டமாக இருக்கிறது. முகத்துக்கும் வளையத்துக்கும் நடுவே மெல்லிய நீலக் கோடு எட்டிப்பார்க்கிறது. மாஸ்க் ஃபெதரை, அதாவது ஓரத்தை மங்கலாக்கும் அளவை, 40 வரை ஏற்றிப் பார்த்தார். ஓரம் முழுக்கப் புகைமூட்டமாகிவிட்டது. 4கே-யில் பிட்ரேட்டை (ஒரு நொடி வீடியோவுக்கான தரவு அளவு) 50 எம்பிபிஎஸ் வைத்து எக்ஸ்போர்ட் செய்தார், எதுவும் மாறவில்லை. கிராபிக்ஸ் கார்டு பழசானதால்தான் இப்படி என்பது அவருடைய முடிவு. இதற்குள் 14 பாடங்களை ஒப்படைத்துவிட்டார். எல்லாவற்றையும் காசு வாங்காமல் திருத்தித் தரும்படி வாடிக்கையாளர் கேட்கிறார். புதிய கார்டு வாங்கலாமா, வேறு மென்பொருளுக்குப் போகலாமா, 14 பாடங்களையும் இலவசமாகத் திருத்தித்தான் ஆக வேண்டுமா என்று மூன்று கேள்விகள் கேட்கிறார்.

பதில்

அன்புள்ள வாசகருக்கு,

கார்டுக்கென்று வைத்திருக்கும் பணத்தை இப்போதைக்குத் தொடாதீர்கள். நீங்கள் விவரித்திருப்பது ஒரே கோளாறு அல்ல. தனித்தனிக் காரணங்கள் கொண்ட நான்கு கோளாறுகள் ஒரே வட்டத்தில் வந்து சேர்ந்திருக்கின்றன. ஒன்றைச் சரிசெய்தாலும் மற்ற மூன்றும் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்ததால், எதைச் செய்தாலும் பலனில்லை என்று உங்களுக்குத் தோன்றியிருக்கிறது. நான்குக்கும் கார்டு காரணமல்ல.

அடிப்படையை முதலில் பார்த்துவிடலாம். திரையில் இருப்பவை எல்லாம் சதுரப் பிக்சல்கள். அவற்றைக் கொண்டு உண்மையான வளைவை வரைய முடியாது. கண்ணுக்கு வளைவாகத் தெரியக் காரணம், ஓரத்தில் நிற்கும் இடைநிறப் பிக்சல்கள். ஒரு பிக்சலில் பாதியை வட்டம் மறைத்தால் அதில் பாதி வட்டத்தின் நிறம், பாதி பின்னணியின் நிறம். கால்வாசியை மறைத்தால் கால்வாசி நிறம். இந்த ஒன்றிரண்டு பிக்சல் அகலமுள்ள கலப்புதான் வழுவழுப்பான விளிம்பு. எங்கோ ஒரு கட்டத்தில் இந்தக் கலப்பு அழிந்தாலோ, அளவுக்கு மீறி அகன்றாலோதான் பிசிறு தெரியும். அதனால் எந்தக் கட்டத்தில் அது கெடுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. அதைத் தெரிந்துகொள்ளாமல் ஃபெதரை ஏற்றினால், பிசிறு போகாது, அதன் மேல் மங்கல்தான் சேரும்.

எங்கே கெடுகிறது என்று பாருங்கள்

புரோகிராம் மானிட்டரை நம்பி முடிவெடுக்காதீர்கள். பிளேபேக் ரெசல்யூஷன் 1/2 அல்லது 1/4 என்று இருந்தால், நீங்கள் பார்ப்பது குறைந்த பிக்சல்களில் வரைந்து பெரிதாக்கிய படம். அதில் எந்த வட்டமும் பல்லிளிக்கும். ஜூம் 'ஃபிட்' என்றிருந்தாலும் 67, 43 என்று ஏதோ ஒரு சதவீதத்தில் சுருக்கித்தான் காட்டும். பிளேபேக் ரெசல்யூஷன், பாஸ்டு ரெசல்யூஷன் இரண்டையும் ஃபுல் என்று மாற்றி, ஜூமை 100 சதவீதம் ஆக்கி, வீடியோவை நிறுத்திவைத்துப் பாருங்கள். அங்கே பிசிறு காணாமல் போனால் அது வெறும் பிரிவ்யூ கோளாறு. எக்ஸ்போர்ட்டில் அது வராது.

போகவில்லை என்றால் மூன்று படங்களை எடுத்து ஒப்பிடுங்கள். முதலாவது, கேமரா பொத்தானை அழுத்தி டைம்லைனிலிருந்து பிஎன்ஜியாக எடுக்கும் ஒரு ஃபிரேம். இரண்டாவது, எச்.264 என்ற சுருக்க முறையில் எக்ஸ்போர்ட் செய்த வீடியோக் கோப்பில் அதே ஃபிரேம். மூன்றாவது, தளத்தில் ஏற்றிய பிறகு முழுத்திரையில் எடுத்த ஸ்கிரீன்ஷாட். மூன்றையும் ஏதாவது ஒரு படச் செயலியில் 800 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, வட்டத்தின் உச்சியைப் பாருங்கள். சிவப்புக்கும் நீலத்துக்கும் நடுவே ஒன்றிரண்டு பிக்சல் இடைநிறம் இருந்தால் விளிம்பு நல்ல நிலையில் இருக்கிறது. சிவப்பு முடிந்த உடனே நீலம் தொடங்கினால் கலப்பே இல்லை. முதல் படத்திலேயே இப்படி இருந்தால் குற்றம் டைம்லைனில். முதலாவது சரியாக இருந்து இரண்டாவதில் கெட்டிருந்தால் எக்ஸ்போர்ட்டில். மூன்றாவதில் மட்டும் கெட்டிருந்தால் தளத்தின் சுருக்கத்தில். உங்கள் விவரிப்பை வைத்துச் சொன்னால், மூன்று கட்டங்களிலும் கொஞ்சம் கொஞ்சம் கெட்டிருக்கிறது; பெரும்பங்கு டைம்லைனில்தான்.

184 சதவீத வளையம்

பல் பல்லாகத் தெரிவதற்கு முதல் காரணம் இதுதான். கணக்கு போட்டுப் பார்த்தால் விளங்கிவிடும். 200 பிக்சல் படத்தில் வட்டத்தின் ஆரம் 100. அதன் உச்சியில் வளைவு ஒரு பிக்சல் கீழே இறங்குவதற்குள் பக்கவாட்டில் இருபுறமும் சேர்த்து ஏறக்குறைய 28 பிக்சல் ஓடிவிடும். இதை 184 சதவீதத்துக்குப் பெரிதாக்கினால் அந்த மட்டமான பகுதி 52 பிக்சல் நீளமாகிறது, படியின் உயரமும் கிட்டத்தட்ட 2 பிக்சலாகிறது. அதே வளையத்தை நேரடியாக 368 பிக்சலில் வரைந்திருந்தால் மட்டமான பகுதி சுமார் 38 பிக்சல்தான், படி ஒரு பிக்சல்தான். அந்தப் படியையும் இடைநிறம் மறைத்துவிடும். வட்டம் எப்போதும் உச்சி, அடி, இடம், வலம் ஆகிய நான்கு இடங்களில்தான் முதலில் பிசிறடிக்கும். சாய்வான பகுதிகளில் படிகள் சிறிதாகவும் நெருக்கமாகவும் இருப்பதால் கண் அவற்றைப் பொறுத்துக்கொள்ளும்.

உச்சி சீவிவிட்டது போலிருப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கக்கூடும். இணையத்தில் கிடைக்கும் வட்டப் படங்கள் பலவற்றில் வளையம் படத்தின் நான்கு ஓரங்களையும் தொட்டுக்கொண்டிருக்கும். இடைநிறப் பிக்சல்கள் நிற்க அங்கே இடமே இருக்காது, ஓரத்தோடு வெட்டுப்பட்டுப் போய்விடும். வட்டப் படம் எதுவானாலும் சுற்றிலும் குறைந்தது 4 பிக்சல் டிரான்ஸ்பரன்ட் இடம் விட்டிருக்க வேண்டும். அந்தப் படம் முன்பு ஜிஃப் ஆக இருந்து பிறகு பிஎன்ஜியாக மாற்றப்பட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம். ஜிஃப்பில் ஒரு பிக்சல் முழுதாகத் தெரியும், அல்லது முழுதாக மறையும். பாதி என்பது கிடையாது. பிஎன்ஜியில் 8 பிட் ஆல்ஃபா (பிக்சல் எவ்வளவு தெரிய வேண்டும் என்ற தகவல்) என்றால் 256 நிலைகள் உண்டு. ஆனால் ஜிஃப்பில் இழந்ததை வடிவம் மாற்றுவதால் திரும்பப் பெற முடியாது. மந்திரக்கோல் கருவியால் ஆன்டி-அலையசிங் (ஓரத்தில் இடைநிறம் சேர்ப்பது) டிக் இல்லாமல் வெட்டியெடுத்த படங்களின் கதியும் இதுதான்.

வளையத்தை எங்கிருந்தும் எடுக்காதீர்கள், பிரீமியருக்குள்ளேயே வரையுங்கள். எலிப்ஸ் டூலை எடுத்து, ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி இழுத்தால் சரியான வட்டம் வரும். ஃபில் (உள்நிறம்) டிக்கை எடுத்துவிட்டு ஸ்ட்ரோக் (ஓரக்கோடு) மட்டும் வையுங்கள். இது பிக்சலாக இல்லாமல் கணக்காகச் சேமிக்கப்படும் வெக்டர் வடிவம் என்பதால் எந்த அளவிலும் விளிம்பு புதிதாகவே கணக்கிடப்படும். ஆனால் ஒரு எச்சரிக்கை: எஃபெக்ட் கன்ட்ரோல்ஸில் இதற்கு 'மோஷன்', 'வெக்டர் மோஷன்' என்று இரண்டு இருக்கும். மோஷனில் ஸ்கேலை ஏற்றினால் வடிவம் பிக்சலான பிறகுதான் பெரிதாகும். பழைய பிசிறு பின்வாசல் வழியாக வந்துவிடும். வட்டம் சிறிதிலிருந்து பெரிதாகி வருவது போல அனிமேஷன் வைப்பதென்றால் வெக்டர் மோஷனில்தான் கீஃபிரேம் போட வேண்டும்.

நிறுவனம் கொடுத்த படத்தைத்தான் பயன்படுத்தியாக வேண்டும் என்றால், தேவையான அளவைப் போல் இரு மடங்கில், அதாவது உங்களுக்கு 736 பிக்சலில், கேட்டு வாங்கி 50 சதவீதத்தில் வையுங்கள். பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்று 4000 பிக்சல் படத்தைப் போட்டு 9 சதவீதத்துக்குச் சுருக்காதீர்கள். அவ்வளவு சுருக்கும்போது மெல்லிய கோடுகள் விட்டுவிட்டுத் தெரியும், அசையும்போது மினுக்கும். முதலில் படச் செயலியில் இரு மடங்கு அளவுக்குக் குறைத்துக்கொண்டு பிறகு டைம்லைனுக்குக் கொண்டுவாருங்கள்.

ஃபெதர் 40 ஏன் கெடுத்தது

உங்கள் முக வட்டத்தின் விட்டம் சுமார் 360 பிக்சல், ஆரம் 180. அதற்கு 40 ஃபெதர் என்பது ஓரத்தின் இருபுறமும் பரவும் அகலமான மங்கல். அது விளிம்பே அல்ல, ஒளிவட்டம். விளிம்புக்குத் தேவையான கலப்பு ஒன்றிரண்டு பிக்சல்தான். ஃபெதரை 1.5-ல் தொடங்கி 2.5-க்குள் நிறுத்துங்கள். பிரீமியர் புது மாஸ்க்குக்குத் தானாகக் கொடுக்கும் 10-கூட இந்த வேலைக்கு அதிகம். முழுச் சுழியமும் வேண்டாம், விளிம்பு கறாராக வெட்டுப்பட்டுத் தெரியும்.

ஒப்பாசிட்டி மாஸ்க்கை விட டிராக் மேட் முறை (வேறொரு டிராக்கில் உள்ள வடிவத்தைக் கொண்டு மறைப்பது) உங்களுக்குப் பொருந்தும் என்பது என் கருத்து. 14 பாடங்களிலும் ஒரே அளவு, ஒரே இடம் வேண்டும் என்பதுதான் காரணம். மாஸ்க்கின் புள்ளி ஒன்று கைதவறி நகர்ந்தால் வட்டம் முட்டையாகிவிடும், உடனே தெரியவும் தெரியாது. மேட்டை இப்படி அமைக்கலாம்: முதல் வீடியோ டிராக்கான வி1-ல் ஸ்லைடு, வி2-ல் முகம், வி3-ல் எலிப்ஸ் டூலால் வரைந்த 360 பிக்சல் வெள்ளை வட்டம். வி2 கிளிப்பின் மேல் 'டிராக் மேட் கீ' போட்டு, மேட் என்ற இடத்தில் வீடியோ 3, கம்போசிட் யூசிங் என்ற இடத்தில் மேட் ஆல்ஃபா என்று கொடுங்கள். முகத்தின் அளவும் இடமும் முடிவான பிறகு அந்தக் கிளிப்பை நெஸ்ட் செய்து (தனி சீக்வென்ஸாக மாற்றி), நெஸ்ட்டின் மேல் இதைப் போடுவது பாதுகாப்பானது. இல்லாவிட்டால் கிளிப்பை நகர்த்தும்போது முகமும் வட்டமும் வேறு வேறு பக்கம் போகலாம். நெஸ்ட் செய்ததை 100 சதவீதத்துக்கு மேல் பெரிதாக்கக் கூடாது. அது அந்த சீக்வென்ஸ் அளவில் பிக்சலாகிவிட்ட படம்.

இன்னொன்றையும் சரிபாருங்கள். பாடம் 'பளிச்'சென்று தெரியட்டும் என்று எல்லாவற்றுக்கும் மேலே ஒரு அட்ஜஸ்ட்மென்ட் லேயர் வைத்து, லுமெட்ரி என்ற நிறத்திருத்தக் கருவியில் ஷார்ப்பனை ஏற்றும் வழக்கம் பலரிடம் உண்டு. ஷார்ப்பன் முதலில் தேடிப்பிடிப்பது வட்டத்தின் விளிம்பைத்தான். இடைநிறத்தை அது இருபுறமும் இழுத்துவிடும், ஓரத்தில் கூடுதலாக ஒரு வெளுத்த கோடும் வரும். ஷார்ப்பன் தேவை என்றால் முகக் கிளிப்புக்கு மட்டும் போடுங்கள்.

நடுவில் எட்டிப்பார்க்கும் நீலக் கோடு

முக வட்டம் முடியும் இடத்திலேயே வளையம் தொடங்கும்படி துல்லியமாகப் பொருத்தியிருப்பீர்கள். கவனமாக வேலை செய்பவர்கள்தான் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். ஓரப் பிக்சல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முகம் அதில் பாதியை மறைக்கிறது. மீதிப் பாதி நீலம். அதே பிக்சலின் மறுபாதியை வளையம் மறைக்கிறது. கையால் வரைந்தால் இரண்டும் சேர்ந்து பிக்சல் நிறைந்துவிடும். ஆனால் மென்பொருள் லேயர்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கலக்கிறது. முகம் கலந்த பிறகு 50 சதவீத நீலம் மிஞ்சுகிறது. அதன் மேல் வளையம் 50 சதவீதம் கலந்தால் 25 சதவீத நீலம் அப்படியே நிற்கிறது. வட்டம் முழுக்க இந்தக் கால்பங்கு நீலம்தான் உங்களுக்கு மெல்லிய கோடாகத் தெரிகிறது.

இதற்கு மருந்து இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறவிடுவதுதான். உங்கள் அளவுகளுக்கு: முக மேட்டின் விட்டம் 360. வளையத்தின் வெளிவிட்டம் 368, ஸ்ட்ரோக் 7 பிக்சல். அப்போது வளையத்தின் உள்விட்டம் 354 ஆகும். சுற்றிலும் 3 பிக்சல் முகத்தின் மேல் ஏறியிருக்கும், 4 பிக்சல் வெளியே நிற்கும். முகத்தின் ஓரம் வளையத்துக்கு அடியில் ஒளிந்துகொள்வதால் முகத்துக்கு ஃபெதர் எவ்வளவு என்ற கவலையே பெரும்பாலும் இல்லாமல் போகும். கண்ணுக்குத் தெரிகிற இரண்டு விளிம்புகளும் வளையத்தினுடையவையாக இருக்கும். ஸ்ட்ரோக்கை 1 பிக்சலுக்கு மெலிதாக்காதீர்கள். வட்டம் அசையும்போது 1 பிக்சல் கோடு மினுக்கும். 3-க்குக் குறையாமல் வையுங்கள்.

நீலத்துக்குப் பதில் வெள்ளை அல்லது கறுப்புக் கோடு தெரிந்தால் அது வேறு விஷயம். படத்தின் ஆல்ஃபாவை மென்பொருள் தவறாகப் படிக்கிறது என்று அர்த்தம். பிரீமல்டிப்ளைடு என்ற வகையில் ஓரப் பிக்சல்களில் பின்னணி நிறம் முன்பே கலந்திருக்கும். அதை ஸ்ட்ரெய்ட், அதாவது பின்னணி நிறம் கலக்காத வகை, என்று எடுத்துக்கொண்டால் அந்தப் பின்னணி ஓரமாக ஒட்டிக்கொண்டு வரும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் 'இன்டர்பிரெட் ஃபுட்டேஜ்' வழியாக இதை மாற்றலாம். பிஎன்ஜி வடிவம் விதிப்படி ஸ்ட்ரெய்ட் வகை.

சிவப்பும் அடர்நீலமும்

டைம்லைனில் எல்லாம் சரியான பிறகும் எக்ஸ்போர்ட்டில் வளையம் கட்டம் கட்டமாகத் தெரியும். உங்கள் கடிதத்தில் இதைப் பற்றிய சந்தேகமே இல்லை, ஆனால் என் பார்வையில் இதுவும் ஒரு முக்கியக் குற்றவாளி. எச்.264 வீடியோக்கள் பெரும்பாலும் 4:2:0 என்ற முறையில் நிறத்தைச் சேமிக்கின்றன. வெளிச்ச அளவு 1920×1080-ல் முழுதாக இருக்கும்; நிறத் தகவல் 960×540-ல்தான் இருக்கும். அதாவது 2×2 பிக்சல்களுக்கு ஒரே நிறம். நம் கண் வெளிச்ச வேறுபாட்டைத்தான் கூர்ந்து பார்க்கும், நிறத்தை அவ்வளவு கவனிக்காது என்பதால் வழக்கமான காட்சிகளில் இது தெரியாது.

ஆனால் சிவப்பும் நீலமும் இரண்டுமே வெளிச்சம் குறைந்த நிறங்கள். எச்டி வீடியோவின் கணக்கில் வெளிச்சத்தின் 72 சதவீதம் பச்சையிலிருந்தும், 21 சதவீதம் சிவப்பிலிருந்தும், 7 சதவீதம் மட்டுமே நீலத்திலிருந்தும் வருகிறது. அடர்நீலத்தின் மேல் சிவப்பு வளையம் வைத்தால் விளிம்பைச் சுமக்க வெளிச்ச வேறுபாடு போதிய அளவு இல்லை. பாரம் முழுக்க நிறத்தின் மேல் விழுகிறது. நிறமோ பாதி ரெசல்யூஷனில் இருக்கிறது. அதனால் நீங்கள் எவ்வளவு வழுவழுப்பாக வரைந்தாலும் 2 பிக்சல் படிகள் வந்தே தீரும். பிட்ரேட்டை 8-லிருந்து 50-க்கு ஏற்றினாலும் அந்தப் படிகள் போகாது, ஏனென்றால் இது பிட்ரேட் பற்றாக்குறையால் வந்ததல்ல.

நிறுவனத்தின் சிவப்பை மாற்ற முடியாது என்றால், வளையத்துக்கு வெளியே 3 பிக்சலில் வெள்ளையாக இன்னொரு ஸ்ட்ரோக் சேருங்கள். பிரீமியரில் ஒரே வடிவத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஸ்ட்ரோக் வைக்கலாம். நீலத்தோடு இப்போது மோதுவது வெள்ளை, அந்த வெளிச்ச வேறுபாடு விளிம்பை முழு ரெசல்யூஷனில் தூக்கிப்பிடிக்கும். ஸ்லைடின் நீலத்தை நன்றாக வெளிற வைத்தாலும் பலன் உண்டு. நான் முதலில் பரிந்துரைப்பது வெள்ளை ஸ்ட்ரோக்கைத்தான், ஏனென்றால் வாடிக்கையாளரின் ஸ்லைடில் கை வைக்க வேண்டியதில்லை.

4கே எக்ஸ்போர்ட் ஏன் உதவவில்லை

1920×1080 சீக்வென்ஸை 4கே-யாக எக்ஸ்போர்ட் செய்தால், ஏற்கெனவே பிசிறோடு இருக்கும் ஃபிரேம்தான் இரு மடங்காகிறது. பலன் வேண்டும் என்றால் சீக்வென்ஸே 3840×2160 ஆக இருக்க வேண்டும், வளையமும் அதில் வெக்டராக வரையப்பட வேண்டும். அதை 1080-க்கு எக்ஸ்போர்ட் செய்தால் நான்கு பிக்சல்கள் சேர்ந்து ஒன்றாவதால் விளிம்புக்கு இன்னொரு சுற்று கலப்பு கிடைக்கும். 4கே-யாகவே கொடுத்தால் நிறத் தகவல் 1920×1080-ல் நிற்கும், சிவப்பு-நீலச் சிக்கலும் பாதியாகக் குறையும். முகத்தை 1080-ல் படம்பிடித்திருந்தாலும் பரவாயில்லை. மூலையில் சின்னதாகத்தானே வைக்கிறீர்கள், அது சுருங்கித்தான் உட்காரும்.

எக்ஸ்போர்ட் சாளரத்தில் 'யூஸ் பிரிவ்யூஸ்' டிக்கை எடுத்துவிடுங்கள். தரம் குறைந்த பிரிவ்யூ கோப்புகள் இறுதி வீடியோவுக்குள் போய்விடலாம். சீக்வென்ஸ் அமைப்பில் ஃபீல்ட்ஸ் என்பது புரோகிரெசிவ் ஆகவும், பிக்சல் ஆஸ்பெக்ட் 1.0 ஆகவும் இருக்க வேண்டும். முதலாவது தவறினால் அசையும் வட்டத்தின் ஓரம் சீப்புப் பல் போலப் பிரியும், இரண்டாவது தவறினால் வட்டம் முட்டையாகும். பிட்ரேட்டைப் பொறுத்தவரை, யூடியூப் 1080பி, 30 ஃபிரேமுக்குப் பரிந்துரைப்பது 8 எம்பிபிஎஸ், 4கே-வுக்கு 35 முதல் 45. தளங்கள் எப்படியும் மறுபடி சுருக்கும் என்பதால் 1080-க்கு 16 முதல் 20 வரை வைத்துக் கொடுங்கள்.

வேறு மென்பொருளுக்குப் போகலாமா?

இந்தக் காரணத்துக்காகப் போக வேண்டாம். 200 பிக்சல் படத்தைப் பெரிதாக்கினால் எந்த மென்பொருளிலும் பிசிறும். வேறு காரணத்துக்காக மாறுவதாக இருந்தால் ஒவ்வொன்றிலும் எங்கே கை வைக்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் இல்லஸ்ட்ரேட்டர் கோப்பைப் போட்டால் லேயரின் சூரியன் போன்ற சுவிட்சை இயக்குங்கள், அப்போதுதான் ஸ்கேல் செய்யும்போது வெக்டராக நிற்கும். குவாலிட்டி சுவிட்ச் டிராஃப்ட்டில் இருக்கக் கூடாது. டாவின்சி ரிசால்வில் ஃபியூஷன் பக்கத்தில் எலிப்ஸ் மாஸ்க்கின் சாஃப்ட் எட்ஜை 0.001, 0.002 போன்ற மிகச் சிறிய எண்களில் தொடங்குங்கள். வேகஸில் பிரிவ்யூவை பெஸ்ட், ஃபுல் என்று வைத்துப் பாருங்கள், புராஜெக்ட் பிராப்பர்ட்டீஸிலும் ரெண்டரிங் குவாலிட்டி பெஸ்ட் என்று இருக்கட்டும். இலவச மென்பொருட்களில் ஷாட்கட்டின் 'மாஸ்க்: சிம்பிள் ஷேப்' ஃபில்டரில் சாஃப்ட்னஸ் உண்டு, கேடென்லைவின் 'ஆல்ஃபா ஷேப்ஸ்' எஃபெக்ட்டில் டிரான்சிஷன் விட்த் உண்டு. பெயர்தான் வேறு, வேலை ஒன்று.

கார்டு விஷயம்: கிராபிக்ஸ் கார்டு வேகத்தைக் கூட்டும். விளிம்பின் வடிவத்தை மாற்றாது. ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. புராஜெக்ட் செட்டிங்கில் ரெண்டரர் 'சாஃப்ட்வேர் ஒன்லி' என்று இருந்தால் பிரீமியர் ஸ்கேலிங்கை எளிய முறையில் செய்யும். எக்ஸ்போர்ட்டில் 'மேக்சிமம் ரெண்டர் குவாலிட்டி' டிக் போட்டால் அந்தக் குறையும் தீர்ந்துவிடும். ரெண்டர் நேரம் கூடும், அவ்வளவுதான்.

ஒப்படைத்துவிட்ட 14 பாடங்கள்

இதில் உங்கள் பொறுப்பையும் வாடிக்கையாளரின் பொறுப்பையும் பிரித்துப் பாருங்கள். பெரிதாக்கிய வளையம், நீலக் கோடு இரண்டும் உங்கள் வேலையில் வந்த குறைகள். இவற்றைக் காசு வாங்காமல் சரிசெய்து கொடுப்பதுதான் நியாயம், ஒப்பந்தத்தில் திருத்தச் சுற்றுகளுக்கு எல்லை வைத்திருந்தாலும் இதை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அடர்நீலத்தின் மேல் சிவப்பு என்பது அவர்கள் தேர்ந்தெடுத்த நிறம். அதில் வரும் படிகள் வீடியோச் சுருக்கத்தின் இயல்பு. வெள்ளை ஸ்ட்ரோக் சேர்க்க அவர்களுடைய ஒப்புதல் வேண்டும், ஏனென்றால் அது வடிவமைப்பு மாற்றம். 4கே-யில் மறுபடி வேண்டும் என்றால் அது புது வேலை, தனிக் கட்டணம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஒப்பந்தத்தில் 1080 என்று எழுதியிருந்தால் இதில் தயங்கவே வேண்டியதில்லை.

வேலை நீங்கள் பயப்படும் அளவுக்குப் பெரிதல்ல. முதல் பாடத்தில் மேட், வளையம், வெள்ளை ஸ்ட்ரோக் மூன்றையும் சரியாக அமைத்துக்கொள்ளுங்கள். பிரீமியரில் ஒரே நேரத்தில் பல புராஜெக்ட்டுகளைத் திறந்து வைக்கலாம். அந்தத் தொகுப்பை நகலெடுத்து மற்றவற்றில் ஒட்டி, நீளத்தை மட்டும் இழுத்துக்கொள்ளுங்கள். குறுக்குவழியாக 'ரீபிளேஸ் ஃபுட்டேஜ்' மூலம் பழைய பிஎன்ஜிக்குப் பதில் புதியதைப் போட நினைத்தால், பழைய 184 சதவீத ஸ்கேல் அப்படியே நிற்கும் என்பதை மறக்காதீர்கள். 736 பிக்சல் படம் திரையின் மூலையை நிறைத்துவிடும்.

திருத்திய கோப்புகளை ஏற்றுவதற்கு முன்பு வாடிக்கையாளரிடம் ஒன்றைக் கேட்டுவிடுங்கள். பாடங்கள் எந்தத் தளத்தில் இருக்கின்றன? யூடியூபில் இருந்தால் ஏற்றிய வீடியோவை அதே இணைப்பில் வேறு கோப்பாக மாற்ற முடியாது. புதிதாக ஏற்றினால் பார்வை எண்ணிக்கை, கருத்துகள், மாணவர்களுக்கு அனுப்பிய இணைப்புகள் எல்லாம் புதிதாகத் தொடங்கும். இதை முன்கூட்டியே சொல்லாமல் விட்டால் பழி உங்கள் மேல் வரும். சொன்னால், பழைய 14-ஐ அப்படியே விட்டுவிட்டு இனி வருபவற்றில் மட்டும் திருத்தினால் போதும் என்று அவர்களே முடிவெடுக்கவும் கூடும்.

எனவே எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ரெண்டர் போடாதீர்கள். ஒரு பாடத்திலிருந்து ஒரு நிமிடத்தை மட்டும் திருத்தி, வெள்ளை ஸ்ட்ரோக்கோடு ஒன்று, இல்லாமல் ஒன்று என இரண்டு மாதிரிகள் எடுங்கள். அவர்களுடைய தளத்திலேயே, இணைப்பு உள்ளவர்கள் மட்டும் பார்க்கும்படி ஏற்றி, கைபேசியிலும் பெரிய திரையிலும் பார்க்கச் சொல்லுங்கள். எந்த மாதிரி வேண்டும், எத்தனை பாடங்களுக்கு வேண்டும் என்ற பதில் மின்னஞ்சலில் எழுத்தாக வந்த பிறகு மற்ற 13-ஐயும் கையில் எடுங்கள்.